பலகையில் மூன்று

அந்த எண்ணை எழுதியவன் நான்தான்.
அத்பாராவில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால்,
ரொட்டிக்கடைக் கல்லாவில் பதினோரு வருடம்.
‘அழிக்காதே, அதையே மூன்றாக்கு’ என்றார் முதலாளி.
எங்கள் எழுத்தில் ஒன்று என்பது நிற்கும் கோடு.
அதன் உச்சியில் இரண்டு பல் முளைத்தால் மூன்று.
சாக்பீஸ் நமுத்திருந்தது.
இரண்டாவது பல்லை அழுத்தி வரைந்தேன்.

மாவு வரவில்லை, டாலர் ஏறிவிட்டது,
வானொலியில் ஏதேதோ சொன்னார்கள்.
போட்ட பணத்தை எடுக்க வங்கி வாசலில்
ஊரே பிச்சைக்காரனைப்போல் நின்ற மாதம் அது.
பெட்ரோல் வரிசையிலேயே ஒருத்தன் தூங்கி
எழுந்து, முகம் கழுவி, ஷேவும் பண்ணிக்கொண்டான்.
எல்லாச் சுவரிலும் தளபதி சிரித்துக்கொண்டிருந்தார்.
முப்பது வருடச் சிரிப்பு.
ஒரு பல்கூட ஆடவில்லை.

புஷாரா மதிய மணி அடித்ததும் வருவான்,
உள்ளங்கைச் சூட்டோடு ஒரு நாணயம்.
ரொட்டிக்குள் அவரை மசியல், மேலே கொஞ்சம் எள்ளெண்ணெய்.
அன்றைக்குப் பலகையைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
நாணயத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மணிநேரம் கழித்துத் திரும்பி வந்தான்.
பின்னால் பள்ளிக்கூடமே வந்தது.

ஷட்டரை இறக்கிவிட்டு
இடுக்கு வழியாகப் பார்த்தேன்.
கடையை உடைப்பார்கள் என்று நினைத்தேன்.
கடையைத் தாண்டிப் போனார்கள்.
கட்சி ஆபீஸ் எரிந்த புகை
எங்கள் அடுப்புப் புகையைவிடக் கறுப்பு.
சாயங்காலம் பிரேக்மேன் அத்லான் கதவைத் தட்டி,
‘உள்ளே என்னடா எண்ணிக்கொண்டிருக்கிறாய்?’ என்றான்.
வெளியே வந்தேன்.
வீரமெல்லாம் இல்லை.
அவன் முகத்தில் கதவைச் சாத்த வெட்கமாக இருந்தது.

பிறகு கார்ட்டூம்.
பகல் ஒரு மணிக்கு ஏதோ ஒரு மாடியிலிருந்து
ஒருத்தி குலவை இடுவாள்.
கல்யாணத்துக்கு இடுகிற அதே குலவை.
சந்துகளெல்லாம் ஆட்களைக் கக்கும்.
கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தால்
எடுத்துத் திருப்பி எறியத் தனியாகப் பையன்கள்.
‘விழட்டும், அவ்வளவுதான்.’
எங்கள் கோரிக்கைப் பட்டியல் அந்த இரண்டு சொல்தான்.

தேநீர் விற்கும் கல்தூமாவிடம்
ரொட்டி விலையை நானே சொன்னேன், பெருமையாக,
புரட்சியை நான்தான் தொடங்கியதுபோல.
டார்ஃபூர்க்காரி. கரி அடுப்பை விசிறிக்கொண்டே கேட்டாள்:
‘உங்களுக்கு ரொட்டியில்தான் தெரிந்ததா?
எங்கள் ஊர் எரிந்தபோது
இதே வானொலியைத்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?’
இஞ்சி தூக்கலான அந்தத் தேநீர்
தொண்டையில் இறங்க நேரமாயிற்று.

ஏப்ரலில் அவர் விழுந்தார்.
தள்ளிவிட்டவர்கள் நாற்காலியைத் துடைத்து
அதிலேயே உட்கார்ந்தார்கள்.
எங்கள் ஊரிலிருந்து ரயில் வந்தது,
கூரையெல்லாம் மனிதத் தலை, கொடி.
புஷாரா இன்ஜின் மூக்கில் உட்கார்ந்திருந்தான்.
அத்லான் கீழிருந்து கத்தினான்:
இறங்குடா, உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

நோன்பின் கடைசி நாள்களில் ஒரு விடியல். மழை.
ராணுவத் தலைமையகத்துக்கு முன்னால்
கூடாரங்களில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
அந்த ராணுவம் கதவைச் சாத்திக்கொண்டது.
லாரிகளில் வந்தவர்கள்
எங்கள் மொழியில்தான் திட்டினார்கள்.
இணையம் செத்தது.
நைல் சிலரைத் திருப்பித் தந்தது,
காலில் கட்டிய செங்கல்லோடு.
புஷாராவைத் தரவில்லை.
அவன் படம் ஒட்டிய தாளில்
‘காணவில்லை’ என்ற சொல்லை மட்டும் மழை விட்டுவைத்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் மறுபடி நடந்தோம்,
முன்னைவிடப் பெரிய கூட்டம்.
எனக்குப் பக்கத்தில் கல்தூமா, கையில் அடுப்பு விசிறி.
வென்றோமா என்று கேட்காதீர்கள்.
கேட்பவர்களுக்குத் தேநீர் இல்லை என்கிறாள்.

கல்லாவுக்குத் திரும்பிவிட்டேன்.
பலகையில் எத்தனையோ எண்கள் வந்துபோயின.
சாக்பீஸை எடுக்கும் முன்
ஒவ்வொரு முறையும் தெருவைப் பார்க்கிறேன்.
இப்போது மதிய மணி அடிக்கும்.